ஐயா கையில காய்ப்பு போயிருச்சு: அழுத்தம் ஜீன் வரைக்கும் எப்படிப் போகுது?

தேரிக்காட்டு மக:
எங்க ஊரு திசையன்விளை பக்கம். எங்க ஐயா 30 வருசம் பனையேறினவங்க. சீசன்ல நாளைக்கு 40 பனை, காலையும் சாயங்காலமும். சின்னப் பிள்ளையில என் கன்னத்தத் தொட்டா பனம்பட்டை உரசுற மாதிரி இருக்கும். இடுப்பு வலி வந்து 3 வருசமா ஏறல. போன வாரம் கையப் பிடிச்சுப் பாத்தேன், அவ்வளவு மெதுவா இருக்கு. எனக்கு அழுகையே வந்துட்டு.

நான் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கேன். ஹார்மோன் வந்து ஜீனை எழுப்பும்னு படிச்சிருக்கேன். மரம் அழுத்துறது ரசாயனம் இல்லையே, அது எந்த வழியா உள்ள போகுது?

பொருநைக்கரை:
வீட்டுல நார்க்கட்டில் இருக்கும்லா? ஓரத்துல உக்காந்தாலும் நடுநார் இறுகும். செல்லும் அப்படித்தான். வெளிய பிடிச்சிருக்கிறது இன்டெக்ரின்ங்கிற புரதம், உள்ள இழுத்துக் கட்டியிருக்கிறது ஆக்டின்ங்கிற புரத இழை. அந்த இழை உட்கரு உறை வரைக்கும் போகுது. வெளிய இழுத்தா உட்கருவோட வடிவம் மாறும், உள்ள டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிற விதமும் மாறும். டி.என்.ஏ.வோட எழுத்து வரிசை மட்டும் மாறாது. பெங்களூர் என்.சி.பி.எஸ்.ங்கிற உயிரியல் ஆராய்ச்சி மையத்துல இருந்தப்போ ஜி.வி. சிவசங்கர் இதைத்தான் ஆராய்ஞ்சாங்க, தேடிப் படிங்க.

எனக்குப் பிடிச்ச சோதனை 1997-ல கிறிஸ்டோபர் சென், டொனால்ட் இங்பர் குழு செஞ்சது. ரத்தக்குழாய் செல்லுக்கு ஒட்டுறதுக்குச் சின்னதும் பெருசுமா திட்டுகள். சாப்பாடு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். பெரிய திட்டுல பரந்து உக்காந்தது வளந்தது, சின்னதுல ஒடுங்கினது தானா செத்தது. ஒட்டுற பரப்பாலயோன்னு சந்தேகம் வரும்லா? அதனால அதே பரப்பைப் பொடிப்பொடிப் புள்ளியாத் தள்ளித்தள்ளி வச்சாங்க. அப்பவும் பரந்த செல்தான் பிழைச்சுது. வடிவந்தான் காரணம்!

2011-ல பிக்கோலோ குழு தூதுவனையும் காட்டிட்டாங்க: யாப்ங்கிற புரதம். செல் பரந்து இறுகினா உட்கருவுக்குள்ள போயி, பெருகச் சொல்ற ஜீன்களை எழுப்பும். உருண்டு தளர்ந்தா வெளியவே நிக்கும்.

பாளை பிசியோ:
எலும்புலயும் இதுதான். பளு ஏறினா எலும்பு செல்லு, ஸ்கிளிரோஸ்டின்ங்கிற புரதத்தைச் செய்ற ஜீனை அடக்கும். அந்தப் புரதம் எலும்பு வளர்ச்சிக்குத் தடை, அது குறைஞ்சா எலும்பு தடிக்கும். ஏறுறத விட்டாச்சுன்னு ஐயாவை உக்கார வச்சிராதீங்கம்மா, தினம் நடக்கச் சொல்லுங்க.

தேரிக்காட்டு மக:
ரெண்டு அண்ணாச்சிக்கும் நன்றி. ஐயாகிட்ட நார்க்கட்டில் கணக்கைச் சொன்னேன். பேசாம காலைத் தூக்கிக் காட்டினாங்க. உள்ளங்கால் காய்ப்பு அப்படியே இருக்கு. செருப்பு போடாம இன்னும் தேரி மணல்லதான நடக்காவ.