குசினிக் கபேட்: பிளைவுட் பெட்டியா, கல்லுக்கட்டா?

பரந்தன் வாசி:
குசினிக்கு நானே கபேட் அடிக்கப் போகிறேன். 8க்கு 4 அடி பிளைவுட், 18 மி.மீ., நாலு தாள் வாங்கியாயிற்று. கீழ்ப்பெட்டி 24 அங்குல ஆழம், 34 அங்குல உயரம். அப்படியே தரையில் இருத்தலாமா?

மாங்குளம் மேசன்:
வேண்டாம் தம்பி. இங்கே கறையான் தரை வெடிப்பாலேயே ஏறிவிடும். என் வீட்டுப் பலகைக் கபேட் இரண்டு மாரிதான் நின்றது. வெளியே பளபள என்றுதான் இருந்தது. பருப்புப் போத்தல் எடுக்கப்போன மனைவியின் விரல் பலகைக்குள் போய்விட்டது, உள்ளே முழுக்க மண். இப்போது 4 அங்குலக் கல்லுச்சுவர், சீமெந்துத் தட்டு, முன்னுக்கு வேப்பங்கதவு மட்டும்.

பரந்தன் வாசி:
அண்ணை, என் குசினிச் சுவர் 8 அடிதான். நாலு கல்லுச்சுவர் வைத்தால் 16 அங்குலம் அதிலேயே போகிறது, பூச்சு வேறு. மூன்று பெட்டிக்கு ஆறு பக்கப்பலகை, எல்லாம் சேர்த்து நாலரை அங்குலம்கூட வராது. வேம்பும் வைரமாக, அதாவது உள்மரமாக இருந்தால்தான் நிற்கும், வெளிறை, அதாவது வெளிப்பக்க மரத்தைக் கறையான் விடாது.

மாங்குளம் மேசன்:
வெளிறைச் சீவித் தள்ளித்தான் கதவு செய்தேன். பிளைவுட்டில் எதைச் சீவுவாய்?

முள்ளியவளை அக்கா:
சமைக்கிற ஆளாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கல்லுக்கட்டுத்தான். தட்டின் பின்னுக்கு இருக்கும் சட்டியை எடுக்க, முன்னால் உள்ள ஏழெட்டை இறக்கி வைத்து முழங்காலில் நிற்க வேண்டும். தினமும் இரண்டு நேரம். லாச்சி என்றால் இழுத்தவுடன் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கல்லுக்கட்டில் லாச்சி பூட்ட ஒரு தச்சரும் சம்மதிக்கவில்லை, சுவர் நேரில்லையாம். ஆனால் தம்பி, சின்க்குக்குக் கீழே பிளைவுட் வைக்காதீர்கள். குழாய் மூட்டு என்றைக்காவது கசியும்.

பரந்தன் வாசி:
அது சரி அக்கா. சின்க்குக்குக் கீழே மட்டும் கல்லுக்கட்டு, மற்றதெல்லாம் லாச்சிப் பெட்டி. பெட்டிக்கு அடியில் 4 அங்குலச் சீமெந்துக் கட்டு. பின்பக்கம் சுவரிலிருந்து ஓரங்குலம் விலக்குகிறேன்.

மாங்குளம் மேசன்:
அந்த ஓரங்குலத்துக்குள் கறையான் வந்தால் எப்படிப் பார்ப்பாய்? அடி லாச்சியைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்க்கிற மாதிரிச் செய். வெட்டிய ஓரம் ஒன்றையும் வெறுமனே விடாதே, சுவர்ப்பக்கமும் வார்னிஷ் பூசு. பிளைவுட்டுக்கு நான் இன்னும் சம்மதமில்லை. அடிச் சீமெந்துக் கட்டை மட்டும் ஐப்பசி மழைக்கு முன் கட்டி, ஏழு நாள் தண்ணீர் விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு பெட்டியை ஏற்று.