நெடுஞ்சாலைக் காவலருக்குக் 'கரடி' என்ற பெயர்: மொழியாக்க உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். 1970-களில் அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் சிபி ரேடியோவில் (வண்டிகளில் வைத்துக்கொள்ளும் குறுந்தொலைவு இருவழி வானொலி) பேசிக்கொண்ட முறையைத் தமிழில் தர முயன்று வருகிறேன். நெடுஞ்சாலைக் காவலரைக் குறிக்கும் அவர்களது கொச்சைச் சொற்களில் உங்கள் உதவி வேண்டும்.

அடிப்படைச் சொல் 'ஸ்மோக்கி'. காட்டுத்தீத் தடுப்புப் பிரசாரத்துக்காக 1944-இல் அமெரிக்க வனத்துறை உருவாக்கிய கரடியின் பெயர் அது. அக்கரடி அணிந்திருக்கும் அகன்ற விளிம்புத் தொப்பியைப் போன்ற ஒன்றையே பல மாநிலங்களின் நெடுஞ்சாலைக் காவலரும் அணிந்ததால், அப்பெயரும் 'கரடி' என்ற சொல்லும் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டன. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், நாடு முழுவதும் வேக வரம்பு மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டபோது, காவலர் எங்கே நிற்கிறார் என்று ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் எச்சரிக்கும் வழக்கம் பெருகி, இச்சொற்களும் நாடெங்கும் பரவின.

எனக்குச் சிக்கல் இயைபில்தான். வானிலிருந்து கண்காணிக்கும் காவலர் 'பேர் இன் தி ஏர்'. கவுண்டிக் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) காவலரோ, கனடாவின் புகழ்பெற்ற காவல்படையினரின் 'மவுண்டி' என்ற செல்லப்பெயரை இரவல் வாங்கிய 'கவுண்டி மவுண்டி'. 'வானத்துக் கரடி' என்றால் பொருள் வருகிறது, ஓசை போய்விடுகிறது. மேலும் நம்மிடம் 'கரடி விடுவது' பொய் சொல்வதைக் குறிப்பதால் வாசகர் குழம்பலாம். ஆனால் சிவபூஜையில் நுழைந்த கரடி இவ்விடத்துக்கு மிகவும் பொருந்துவதால், அச்சொல்லைக் கைவிடவும் மனமில்லை.

ஓசை கெடாத தமிழ் வடிவங்கள் தோன்றினால் தெரிவியுங்கள். அமெரிக்கச் சாலைகளில் இச்சொற்களை நேரில் கேட்டவர்கள், எந்த மாநிலத்தில், எந்த ஆண்டளவில் என்று குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும்.