கெர்னல்_கெட்பியர்நேம்: லிசனரை ஐபிவி6-க்கு மாற்றியதும் ஸ்டாக் பேனிக்

தறிநூல்:
லினக்ஸ் 6.6, எக்ஸ்86 64 பிட். கெர்னல் மாட்யூலுக்குள் ஒரு டிசிபி லிசனர். எதிர்முனை முகவரியை எடுக்க, ஃபங்ஷனுக்குள் ஸ்ட்ரக்ட் சாக்அட்ர் வகையில் ஒரு லோக்கல் மாறி வைத்து, அதன் பாயிண்டரை கெர்னல்_கெட்பியர்நேமுக்குக் கொடுக்கிறேன். ஐபிவி4-ல் சிக்கலே இல்லை. லிசனரை ஐபிவி6 ஆக்கியதும் முதல் இணைப்பிலேயே கெர்னல் ஸ்டாக் (லோக்கல் மாறிகள் இருக்கும் நினைவகம்) கெட்டுப்போனதாகச் சொல்லி பேனிக், கெர்னலே நின்றுவிடுகிறது. ஐபிவி4 கிளையன்ட் வந்தாலும் அதே கதை. கம்பைலர் எச்சரிக்கை எதுவும் தரவில்லை. ஸ்டாக் கெடுவதைக் கண்டுபிடிக்கும் ஸ்டாக் ப்ரொடெக்டரை அணைத்தால் பேனிக் வருவதில்லை. அப்படியே ஓட்டலாமா?

பைட்கணக்கு:
அணைக்காதீங்க. அணைத்தாலும் எழுத்து வழிவது நிற்காது, சொல்ல ஆள் இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

சாக்அட்ர் 16 பைட். ஐபிவி4 முகவரிக்கான சாக்அட்ர்_இன் என்பதும் 16 பைட், அதனால்தான் ஐபிவி4-ல் தப்பித்தீர்கள். ஐபிவி6-க்கான சாக்அட்ர்_இன்6 28 பைட்: குடும்பம் (எந்த வகை முகவரி என்ற எண்) 2, போர்ட் 2, ஃப்ளோஇன்ஃபோ 4, முகவரி 16, ஸ்கோப் ஐடி (எந்த நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் என்ற எண்) 4. உங்கள் மாறியில் 16 பைட் போக மிச்சம் 12 பைட் வெளியே விழுகிறது. எந்த 12 என்று பாருங்கள்: முகவரியின் பின்பாதி 8 பைட்டும் ஸ்கோப் ஐடியும். அந்தப் பின்பாதியை எதிர்முனையில் இருப்பவர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஸ்டாக்கில் என்ன எழுத வேண்டும் என்பதை வெளியாள் தீர்மானிக்கிறார் என்று அர்த்தம்.

ஐபிவி4 கிளையன்ட்டிலும் வருவது இதனால்தான்: ஐபிவி6 லிசனரில் அவர் வி4-மேப்டு முகவரியாக, அதாவது ஐபிவி6 வடிவத்துக்குள் பொதிந்த ஐபிவி4 முகவரியாக வருவார். குடும்பம் ஏஎஃப்_ஐநெட்6 தான், அதே 28 பைட் தான்.

கம்பைலரைக் குறை சொல்ல முடியாது. உள்ளே முகவரியை நிரப்பும் கெட்நேம் ஒரு ஃபங்ஷன் பாயிண்டர் வழியாகப் போகிறது. அந்தப் பக்கம் யார் எத்தனை பைட் எழுதுவார் என்று அதற்குத் தெரியாது. இந்த அழைப்பில் பஃபர் அளவைச் சொல்ல ஆர்கியூமென்ட்டும் கிடையாது.

தீர்வு: மாறியை, எந்த வகை முகவரியும் கொள்ளும் சாக்அட்ர்_ஸ்டோரேஜ் ஆக்குங்கள், 128 பைட். அழைக்கும்போது மட்டும் சாக்அட்ர் பாயிண்டராக காஸ்ட் செய்யுங்கள். இன்னொன்று, 4.17 முதல் இந்த ஃபங்ஷன் வெற்றியில் நீளத்தைத் திருப்பித் தருகிறது. சுழி இல்லை என்றால் பிழை என்று பழைய கோடில் சோதித்திருந்தால், நல்ல இணைப்பையும் வெட்டிவிடுவீர்கள். சுழிக்குக் கீழே இருந்தால்தான் பிழை.

ஓட்டைப்பானை:
மேலே சொன்னது சரி. ஆனால் 128 பைட்டுக்கு மாறியதும் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. அந்த முகவரியை ஐஆக்டில் (யூசர் புரோகிராம் கெர்னலிடம் பேசும் அழைப்பு) வழியாக யூசர்ஸ்பேஸுக்கு அனுப்புகிறீர்களா? ஐபிவி6-ல் 28 பைட் தான் நிரம்பும், மீதி 100 பைட் ஸ்டாக்கில் கிடந்த பழைய குப்பை. காப்பி_டு_யூசர் அதையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகும். கெர்னல் பாயிண்டர்கள்கூட அதில் இருக்கலாம்.

இடைவெளியையும் கவனியுங்கள். உங்கள் ஸ்ட்ரக்சரில் 4 பைட் ஐடி, அடுத்து சாக்அட்ர்_ஸ்டோரேஜ் என்று வைத்தால், 8 பைட் அலைன்மென்ட்டுக்காக நடுவில் 4 பைட் ஓட்டை விழும். மொத்தம் 132 இல்லை, 136. ஃபீல்டு ஃபீல்டாக நிரப்பினால் அந்த ஓட்டையை யாரும் தொட மாட்டார்கள். முழு ஸ்ட்ரக்சருக்கும் முதலில் மெம்செட்டால் சுழி, பிறகு நிரப்புதல். இப்படி நிரப்பாத நினைவகம் கசிவதைக் கண்டுபிடிக்க கேஎம்சான் என்ற கருவி உதவும், 6.1 முதல் மெயின்லைனில் இருக்கிறது, ஆனால் கிளாங் கம்பைலரில் பில்ட் செய்ய வேண்டும்.

தறிநூல்:
ஸ்டோரேஜ் ஆக்கியதும் பேனிக் நின்றது. நன்றி. ஐஆக்டில் இருக்கிறது, மெம்செட் சேர்க்கிறேன். யூசர் கொடுக்கும் முகவரியை பைண்டில் (சாக்கெட்டை ஒரு முகவரியோடு இணைக்கும் அழைப்பு) வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? அப்புறம், ஒரே கிளையன்ட்டா என்று பார்க்க இரண்டு முகவரிகளை மெம்கம்ப் செய்து பைட் பைட்டாக ஒப்பிடுகிறேன், அது போதுமா?

பைட்கணக்கு:
பைண்டில் வரிசைதான் முக்கியம். யூசர் 1 பைட் நீளம் கொடுத்தாலும் உங்கள் ஹேண்ட்லர் வரை வந்துவிடும், மீதியை யாரும் சுழியாக்கித் தருவதில்லை. ஆகவே நீளம் 2 பைட்டாவது உண்டா என்று பார்த்த பிறகே குடும்பத்தைப் படியுங்கள். குடும்பம் தெரிந்ததும் அதற்குரிய நீளம்: ஐபிவி4-க்கு 16. ஐபிவி6-ல் கெர்னலே 24-ஐ ஏற்கிறது, ஸ்கோப் ஐடி இல்லாத பழைய அமைப்புக்காக. 24 வந்தால் ஸ்கோப் ஐடியைத் தொடாதீர்கள். குறைந்தால் மைனஸ் ஈஇன்வால் (தவறான மதிப்பு என்ற பிழை) திருப்பித் தாருங்கள்.

மெம்கம்ப் வேண்டாம். போர்ட்டும் சேர்ந்து ஒப்பிடப்படும், அதே கிளையன்ட் அடுத்த இணைப்பில் வேறு போர்ட்டில் வருவார். குடும்பத்தைப் பார்த்து முகவரியை மட்டும் ஒப்பிடுங்கள், லிங்க்-லோக்கல் (உள்ளூர் நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் முகவரி) என்றால் ஸ்கோப் ஐடியையும். கெர்னலிலேயே உள்ள சன்ஆர்பிசி பகுதியின் அட்ர் ஹெடரில் ஆர்பிசி_சிஎம்பி_அட்ர் இதைத்தான் செய்கிறது. வி4-மேப்டும் சாதா வி4-ம் ஒன்று என்று அதற்குத் தெரியாது, அதை நீங்கள்தான் முன்கூட்டியே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.