சைரன் ஒத்திகை காப்பாற்றவா, பழக்கவா?

செம்பூர்க்காரன்:
2025 மே 7ஆம் தேதி 244 மாவட்டங்களில் போர்க்கால ஒத்திகை என்றார்கள். எங்கள் கட்டடத்தில் லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ்: டார்ச், தண்ணீர், மருந்து எடுத்து வையுங்கள், வதந்தியை நம்பாதீர்கள். உத்தரவு மே 5 அன்று வந்தது. 7ஆம் தேதி பொழுது விடியும் முன்பே நம் விமானப்படை பாகிஸ்தானைத் தாக்கிவிட்டது. இரண்டு நாளில் மும்பைக்காரன் என்ன கற்றுக்கொண்டிருப்பான்? போருக்கு நம் மனதைப் பழக்கிய பிரசாரம் அது, வேறொன்றும் இல்லை.

மாட்டுங்காக்காரி:
தம்பி, 1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரின்போது, எனக்குப் பத்து வயது. அம்மா மைதாப் பசை காய்ச்சி ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டினாள். கார் விளக்குகளில் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட். டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை வைத்துக்கொண்டு விளக்கை அணைக்கச் சொன்னால் அது பிரசாரமா?

செம்பூர்க்காரன்:
அணைக்கச் சொன்னது சரிதான் அம்மா. அணைக்காதவரை என்ன செய்தீர்கள்?

மாட்டுங்காக்காரி:
கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் பீடி பற்றவைத்தார். ஒற்றன் என்று தெருவே கூடிவிட்டது. இரவு ஷிப்ட் முடிந்து வந்த மில் தொழிலாளி அவர். போர் முடிந்த பிறகும் பால் பூத் வரிசையில் அவரோடு யாரும் பேசவில்லை, என் அப்பா உட்பட.

தாராவி ஆசிரியர்:
அதற்காக எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். 1938இல் பிரிட்டன் தன் மக்களுக்குச் சுமார் 3 கோடியே 80 லட்சம் விஷவாயு முகமூடிகள் கொடுத்தது. ஒரு நகரத்திலும் விஷவாயு விழவில்லை. அதனால் அது ஏமாற்று வேலை ஆகிவிடுமா? குண்டுகள் விழத்தானே செய்தன!

செம்பூர்க்காரன்:
அதே அரசு 1939இல் ஒட்டிய சுவரொட்டியையும் சொல்லுங்கள் சார். ‘உங்கள் துணிவு, உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி எங்களுக்கு வெற்றி தரும்’ என்று. உழைப்பு எங்களுடையது, வெற்றி மட்டும் அவர்களுடையதா என்று லண்டன்வாசிகளே எரிச்சல்பட்டார்கள்.

தாராவி ஆசிரியர்:
ஒப்புக்கொள்கிறேன், அசட்டுச் சுவரொட்டி. ஆனால் அதே ஆண்டில் வீட்டுத் தோட்டத்தில் புதைத்துவைக்கத் தகரத் தகட்டுப் பதுங்கிடமும் கொடுத்தார்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக. நம் ஊரில் தொலைக்காட்சிகள் செய்திக்குப் பின்னணி இசையாகவே சைரனை ஒலிக்கவிட்டன. மக்களுக்குக் காது மரத்துப்போகும், நிறுத்துங்கள் என்று மே 10 அன்று அரசே அறிவுறுத்த வேண்டியதாயிற்று. பயத்தை விற்றவர்கள் யார் என்று அதிலேயே தெரிகிறதே.

செம்பூர்க்காரன்:
சேனல்களைத் திட்டுவது சுலபம். உங்கள் தாராவியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள். சைரன் ஒலித்தால் உங்கள் மாணவர்கள் எங்கே ஓடுவார்கள்? அந்த நோட்டீஸில் பதுங்கிடம் பற்றி ஒரு வரியாவது இருந்ததா?

தாராவி ஆசிரியர்:
இல்லை. பெஞ்சுக்கு அடியில் உட்காரச் சொன்னேன். வகுப்பில் 52 பேர், பெஞ்சு 14.

மாட்டுங்காக்காரி:
மைதாப் பசைக்குக் கொஞ்சம் துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. வேறு யோசனை என்னிடம் இல்லை தம்பி.