அண்ணாச்சி கடை, பெரிய கடை: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

மடிப்பாக்கத்துக்காரன்:
எங்கள் பகுதிக்குப் பல கிளை வைத்திருக்கும் பெரிய செயின் கடை வந்ததும் தெருக் கடைகளில் கூட்டம் குறைந்துவிட்டது, அதை விரிவாக எழுதவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மாத முதல் வாரம், சர்க்கரைக்கு ஆஃபர், பில் போடும் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி. ஆளுக்கு இரண்டு பாக்கெட்தான் என்பதால் கடைப் பையனும் தனியாக இரண்டு பாக்கெட்டோடு நிற்கிறான். மொத்த வியாபாரியிடம் அவருக்கு விழும் விலையைவிட அங்கே குறைவாம். என்னைப் பார்த்ததும் "என்ன சார், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். அதற்குள் பில் போடும் பெண், "கடைக்கா வாங்கறீங்க? கடைக்காரங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். காலமெல்லாம் சரக்கு விற்ற மனுஷன். அவர் வாங்கும் விலைக்கும் கீழே அவர்கள் விற்கிறார்கள் என்றால் இது என்ன போட்டி?

பள்ளிக்கரணை:
2023 டிசம்பர், சென்னையில் மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, யுபிஐ வேலை செய்யவில்லை, கையில் நோட்டும் இல்லை. பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவரும் ஆப் எதுவும் திறக்கவே இல்லை, பெரிய கடைக்கு ஷட்டர் இறங்கிவிட்டது. எங்கள் முனைக் கடைக்காரர் மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிஸ்கெட் அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கம் யார் யார் என்ன வாங்கினார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் அரை லிட்டர் பாலை வாய்க்கு வந்த விலைக்கு விற்றார்கள். இவர் பாக்கெட்டில் போட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதலில் என்று ஒதுக்கியும் வைத்தார். எங்களுக்கு அவர் கொடுத்தது தீப்பெட்டி, பால் பவுடர், இரண்டு கிலோ அரிசி. "தண்ணி வடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மாத லிஸ்ட் அவரிடம்தான்.

குரோம்பேட்டை வேலைக்குப் போகிறவள்:
மேலே இருவரும் எழுதியதைப் படித்தேன், சரி. ஆனால் எல்லாத் தெருவிலும் அப்படிப்பட்ட அண்ணாச்சி இல்லை. எங்கள் கடைக்காரரிடம் நாப்கின் கேட்டால் நிற்கிற ஆண்கள் எல்லோரும் போகும்வரை காக்க வைப்பார். ரவையில் புழு என்று திருப்பிக் கொண்டுபோனேன், "சலிச்சுட்டுச் செய்ங்கம்மா" என்றார். அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் என் மாமியாரிடம், "மருமக நேத்து ராத்திரி நூடுல்ஸ் வாங்கிட்டுப் போச்சே, வீட்ல சமையல் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். அன்று வீட்டில் நடந்த சண்டை இன்னும் என் காதில் இருக்கிறது. செயின் கடையில் நான் என்ன வாங்குகிறேன் என்று யாரும் பார்ப்பதில்லை, பில்லைக் காட்டினால் மாற்றித் தருகிறார்கள். "எல்லோரையும் தெரியும்" என்று நீங்கள் பெருமையாகச் சொல்வதுதான் எனக்கு அங்கே போகவே பிடிக்காமல் செய்தது.

மளிகைக் கடைக்காரர் மகள், கோவை:
குரோம்பேட்டைக்காரருக்கு: உங்கள் மாமியாரிடம் அவர் பேசியது தப்பு, அதற்குச் சமாதானமே கிடையாது. ரவையையும் மாற்றித் தந்திருக்க வேண்டும். ஏன் தயங்குகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். பெரிய கடையில் கெட்டுப்போன சரக்கைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளும். எங்களிடம் கம்பெனிச் சரக்கைக் கொண்டுவந்து போடும் லைன் வண்டிக்காரர் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று போய்விடுவார், நஷ்டம் எங்கள் தலையில்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் பக்கம். அப்பா சின்ன வயதில் பொட்டலம் மடிக்க வந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். சோப்பு, பிஸ்கெட்டில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய்கூட நிற்காது. பருப்பு, மிளகாய், புளியை அளந்து விற்பதில்தான் வாடகை வரும். 2022 ஜூலை 18 முதல் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்ததே, சில்லறையாக அளந்து கொடுத்தால் அந்த வரி இல்லை. அது பலருக்குத் தெரிவதில்லை.

என் மனதில் நிற்பது வேறு. கடன் நோட்டில் ஆறாயிரம் பாக்கி வைத்திருந்த ஒருவர், செயின் கடைப் பையை வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு எங்கள் கடையைத் தாண்டினார். எங்களைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஆத்திரம், கூப்பிடப் போனேன். அப்பா, "அந்தப் பக்கம் பார்க்காத, அவருக்குச் சங்கடமா இருக்கும்" என்றார். கடனுக்கு இங்கே, காசுக்கு அங்கே. எங்களைச் சாகடிப்பது ஆஃபர் இல்லை, இதுதான்.

மதுரை, ஓய்வுபெற்றவர்:
எங்கள் தெருக் கடை மூடிவிட்டது. கடைசி நாளில் மீதி இருந்த வெல்லத்தை அவர் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் என் அனுபவம். மற்றவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். கறிவேப்பிலைக்கும் சில்லறைக்கும் மட்டும் தெருக் கடைக்குப் போவதை நிறுத்துங்கள், பருப்பு, மசாலா சாமான், புளி, எண்ணெய் இவற்றையாவது முழுசாக அங்கே வாங்குங்கள், லாபம் நிற்கும் பொருள் அதுதான் என்று மேலே அந்தப் பெண்ணே எழுதியிருக்கிறார். நோட்டுப் பாக்கியைச் சம்பளம் வந்த அன்றே கட்டுங்கள், அவர் அந்தப் பணத்தில்தான் அடுத்த சரக்கு எடுக்க வேண்டும், இல்லையென்றால் வட்டிக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரரிடம் போவார். கடைக்காரர்களும் கேட்டுக்கொள்ளட்டும்: விலையைப் போர்டில் எழுதிப் போடுங்கள், தேதி முடிந்ததை எடுத்துவிடுங்கள், கேட்டால் பில் கொடுங்கள். நான்கைந்து கடை சேர்ந்து மொத்தமாகச் சரக்கு எடுத்தால் மடிப்பாக்கத்தில் நடந்தது போல அவமானப்பட வேண்டியிருக்காது. 2012 செப்டம்பர் 20 பந்த் ஞாபகம் இருக்கிறதா? சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீடு என்று மத்திய அரசு சொன்னதும் வணிகர்கள் கடையடைத்தார்கள். அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அதைத் தமிழ்நாட்டில் விட மாட்டேன் என்றார். வெளியே இருந்து வருபவனை மட்டுமே பார்த்தோம். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு திறப்பது உள்ளூர்ப் பணம், அதற்கு அந்தத் தடை பொருந்தாது. வாங்கும் விலைக்கும் கீழே விற்பதைக் கேட்க வேண்டியது அரசு, வணிகர் சங்கங்கள் மே 5 வணிகர் தின மாநாட்டோடு நிற்காமல் இதைத் தொடர்ந்து கேட்க வேண்டும்.

பெயர் வேண்டாம்:
நான் செயின் கடையில் பில் போடுகிறவள். மடிப்பாக்கத்துக்காரருக்கு: அந்தப் பெண் அப்படிச் சத்தமாகக் கேட்டது சரியில்லை, ஆனால் விதி அவள் போட்டதில்லை. மொத்தமாக விட்டால் சூப்பர்வைசர் அவளைத்தான் கேட்பார். உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, எங்கள் கவுன்டரில் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம்.

மூடிப்போன ஒரு கடையின் பையன் எங்களிடம் சரக்கு அடுக்கச் சேர்ந்தான். வருகிற பாதிப் பேரை அவனுக்குத் தெரியும். ஒரு பாட்டி வந்ததும், "ஆச்சி, உங்களுக்குப் பொன்னி பழசுதானே?" என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பாட்டி கேட்பதற்கு முன்னாலேயே அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாடிக்கையாளரோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே, நம் சொந்த பிராண்ட் அரிசியைக் காட்டு என்று அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அவன் நின்றுவிட்டான். இப்போது சூலூரில் மாமா கடையில் இருக்கிறான்.