பழைய பீங்கான் சிங்க்: ஜாலி மட்டமா உட்காரலை, அடியில் சொட்டுது

கேள்வி (கானாடுகாத்தான்):
காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய சாமான் கடையில் எடுத்த கனமான பீங்கான் சிங்க். அடுப்படியில் வச்சிருக்கோம். ஓட்டை மூன்றரை அங்குலம். எவர்சில்வர் ஜாலியோட வர்ற வேஸ்ட் கப்ளிங் (ஓட்டையில மாட்டி, கீழே கழிவுக் குழாயை இணைக்கிற பாகம்) மாட்டியாச்சு. ஆனா ஓட்டையோட விளிம்பு மேடும் பள்ளமுமா இருக்கு. ஜாலியைச் சும்மா வச்சுப் பார்த்தா ஒரு பக்கம் ஒட்டுது, எதிர்ப்பக்கம் 3 மி.மீ. சந்து. மேலே ஒரு ரப்பர் வாஷர், கீழே ஒண்ணு, சுத்தி வெள்ளை சிமெண்ட். பத்தே நாள்ல சொட்ட ஆரம்பிச்சிருச்சு. கீழே ஆத்தங்குடிக் கல்லு, கறை பிடிக்குது. நட்டை இன்னும் இறுக்கலாமா, சிங்க்கையே மாத்தணுமா?

பதில் 1 (பிளம்பர், காரைக்குடி):
சிங்க்கை மாத்த வேண்டாம். நட்டை இதுக்கு மேல ஒரு சுத்துகூட இறுக்காதீங்க. பீங்கான் வளையாது. மேடான ஒரே இடத்துல முழு அழுத்தமும் ஏறி, விளிம்புல மயிரிழை விரிசல் விட்டா அப்புறம் எதுவும் செய்ய முடியாது. சூளையில வேகும்போது பீங்கான் சுருங்கும். கனமான சாமான்ல அந்தக் கோணல் சகஜம்.

மேலே போட்ட ரப்பர்தான் முதல் தப்பு. 3 மி.மீ. சந்தை ரப்பர் அடைக்காது. அங்கே சிலிக்கான் படுக்கைதான் வேணும். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் வாங்காதீங்க, பித்தளையை அரிக்கும். நியூட்ரல்னு கேட்டு வாங்குங்க.

கப்ளிங்கைக் கழட்டி, பழைய சிமெண்டை மரத்துண்டால சுரண்டுங்க. இரும்பு பட்டா மெருகு கீறிடும். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, ஒரு ராத்திரி காய விடுங்க. ஈரம் துளி இருந்தாலும் சிலிக்கான் பிடிக்காது. ஓட்டையைச் சுத்தி 8 மி.மீ. தடிமன்ல ஒரே வரியா, விட்டுப்போகாம போடுங்க. பள்ளமான பக்கம் ரெண்டு வரி. ஜாலியைத் திருகாம நேரா அமுக்குங்க.

கீழே வரிசை முக்கியம்: பீங்கானை ஒட்டி 5 மி.மீ. மெத்து ரப்பர், அதுக்குக் கீழே வழுக்குற பைபர் வாஷர், கடைசியா செக் நட். பைபர் வாஷரை விட்டுட்டா நட்டோட சேர்ந்து ரப்பரும் முறுக்கிக்கிட்டு ஒரு பக்கம் பிதுங்கும். நட்டைக் கையால இறுக்கினாப் போதும். மேலே சுத்திலும் சிலிக்கான் ஒரே சீராப் பிதுங்கினதும் நிறுத்திடுங்க. மொத்தத்தையும் பிதுக்கிட்டா மேட்டுப் பக்கம் எவர்சில்வரும் பீங்கானும் நேரா உரசும்.

ரெண்டு நாள் தண்ணி விடாதீங்க. வெளியிலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு ரெண்டு மூணு மி.மீ.தான் காயும்.

பதில் 2 (தேவகோட்டை):
மேலே சொன்னது சரி. அதுக்கு முன்னாடி அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்க. அங்கே மெருகு இருக்காது, சொரசொரன்னு இருக்கும். மேல சிலிக்கான் எவ்வளவு நல்லாப் போட்டாலும் கீழே வாஷர் சாய்ஞ்சு உட்கார்ந்தா கப்ளிங் முழுசும் ஒரு பக்கமா இழுபடும். மேட்டைக் கண்டுபிடிக்க, வாஷர்ல விளக்குக்கரி தடவி ஒட்டி எடுங்க; கரி பட்ட இடந்தான் மேடு. தண்ணி தொட்டு சாணைக்கல்லால கையால தேய்ங்க. மெஷின் வேண்டாம். உள்பக்கத்து மெருகைத் தொடவே கூடாது, அது போனா அழுக்கு உள்ளே ஊறும்.

மேடு பெருசுன்னா தேய்க்காம பள்ளத்தை நிரப்புங்க. எம்-சீலை (பிசைஞ்சு வச்சா கல்லா இறுகுற பசை) பிசைஞ்சு வளையமா வச்சு, பிளாஸ்டிக் தாள் சுத்தின கண்ணாடித் துண்டால அமுக்கி மறுநாள் வரை விட்டா மட்டமான தளம் கிடைக்கும்.

கப்ளிங்கோட நீளத்தையும் பாருங்க. தகரத்தடிமன் எவர்சில்வர் சிங்க்குக்குன்னு வர்றதுல மரை குட்டையா இருக்கும். பீங்கான் ஒரு அங்குலம் கனம் இருந்தா நட் ரெண்டு மரைதான் பிடிக்கும். நீள மரைன்னு கேட்டு வாங்குங்க.

பதில் 3 (திருப்பத்தூர், சிவகங்கை):
வெள்ளை சிமெண்ட் ஏன் விட்டுச்சுன்னா, வடிகஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊத்துறோம். சூட்டுல எவர்சில்வர் பீங்கானைவிட மூணு மடங்கு விரியும். சிமெண்டுக்கு அந்த இழுவு கிடையாது, மெருகுலேயும் ஒட்டாது. சிலிக்கான் கூடவே நீண்டு சுருங்கும்.

கேட்டவர்:
சிங்க்கோட உள்பக்கச் சுவர்ல நீளவாட்டு ஓட்டை ஒண்ணு இருக்கு, அதையும் சிலிக்கானால அடைக்கவா?

பதில் 1:
அடைக்காதீங்க, அது வழிநீர் ஓட்டை; சிங்க் நிரம்பினா தண்ணி அது வழியாப் போயிடும். அந்த ஓட்டைக்குள்ளே ஒரு டம்ளர் தண்ணி ஊத்திப் பாருங்க. கழிவு ஓட்டையோட சுவர்ல வந்து கொட்டினா, பக்கத்துல துளை வச்ச கப்ளிங்தான் வேணும், அந்தத் துளைகள்ல சிலிக்கான் படக்கூடாது. ரெண்டு நாள் கழிச்சு அடைப்பான் போட்டு நாலு அங்குலம் தண்ணி நிரப்பி, அடியில செய்தித்தாள் விரிச்சு அரை மணி நேரம் பாருங்க. அப்போ சொட்டினா விளிம்பு. அடைப்பானை எடுத்த பிறகு மட்டும் சொட்டினா பாட்டில் டிராப் (சிங்க்குக்கு அடியில குப்பி மாதிரி தொங்குற பாகம்) மூட்டு, அங்கே வாஷரை மாத்தினாப் போதும்.