அத்லெடிக் ட்ரெய்னிங்கும் பிசியோதெரபியும் ஒரே படிப்பில்: இரட்டைப் பட்டம் தேவையா?

டல்லாஸ் தகப்பன்:
வணக்கம். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். பள்ளியில் அத்லெடிக் ட்ரெய்னரின் (விளையாடுபவர்களின் காயங்களைக் கவனிப்பவர், பயிற்சியாளர் அல்ல) அறையில் மாணவ உதவியாளர். வெள்ளிக்கிழமை ஆட்டம் என்றால் மதியத்திலிருந்தே ஐஸ் பை கட்டுவது, கணுக்காலுக்குச் சுற்றும் டேப்பை எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் சுமப்பது என்று திரிவாள். இரவு பதினொரு மணிக்கு வியர்வை நாற்றத்தோடும் சிரிப்போடும் வீடு வந்து சேர்வாள்.

இப்போது அவள் முன்னால் இரண்டு வழிகள். முதலாவது, மூன்று ஆண்டு இளநிலை, அதன்மேல் நான்கு ஆண்டு. முடிவில் அத்லெடிக் ட்ரெய்னிங்கில் முதுநிலைப் பட்டமும் டி.பி.டி. என்கிற பிசியோதெரபி டாக்டர் பட்டமும் சேர்ந்து கிடைக்கும். இரண்டாவது, அதே மூன்று ஆண்டுக்குப் பிறகு நேராக மூன்று ஆண்டு டி.பி.டி. மட்டும். ஓர் ஆண்டு அதிகம், பணமும் அதிகம். அவள் முதலாவதைத்தான் கேட்கிறாள். எனக்கு மென்பொருள் தவிர வேறொன்றும் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர்:
வேண்டாம் ஐயா.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2024 மே மாத நிலவரமாகச் சொல்வது: பிசியோவின் இடைநிலை ஆண்டு ஊதியம் 1,01,020 டாலர், அத்லெடிக் ட்ரெய்னருக்கு 60,250 டாலர். இரண்டும் படித்தவருக்கு இரண்டையும் கூட்டி யாரும் தரப்போவதில்லை. கிளினிக்கில் சேர்ந்தால் கிளினிக் சம்பளம், மைதானத்தில் நின்றால் மைதானச் சம்பளம். கூடுதல் ஆண்டுக்குக் கட்டணம் கட்டுவதோடு, அந்த ஆண்டில் சம்பாதித்திருக்கக்கூடிய ஒரு முழு பிசியோ சம்பளத்தையும் இழக்கிறீர்கள்.

கடன் விஷயத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, முதுநிலை மாணவர்களுக்கான கிராட் பிளஸ் கடன் 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிடையாது. சாதாரண முதுநிலைப் படிப்பென்றால் ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000 டாலர்தான் கூட்டரசுக் கடன். தொழில்முறைப் படிப்பு என்று வகைப்படுத்தினால் மட்டும் 2,00,000 வரை. 2025 நவம்பரில் கல்வித் துறையின் பேச்சுவார்த்தைக் குழு ஒப்புக்கொண்ட தொழில்முறைப் பட்டியலில் மருத்துவம், சட்டம், பல் மருத்துவம் எல்லாம் இருந்தன. முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக் கூட இருந்தது. பிசியோதெரபி இல்லை. மிச்சத் தொகைக்குத் தனியார் வங்கியில் போய் நிற்க வேண்டும், பிணைக் கையெழுத்து நீங்கள் போட வேண்டும்.

ஓரக்கோடு:
சம்பளத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தத் துறையே வேண்டாம். டல்லாஸ் அண்ணா, உங்கள் மகள் கேட்பது வேறு.

நான் இரண்டு உரிமமும் வைத்திருக்கிறேன். கல்லூரிப் பெண்கள் சாக்கர் அணியில் வேலை. ஒருத்தி முழங்கால் திருகி விழுந்தால் அடுத்த சில நிமிடங்களுக்குள் நான் அவள் தொடையை ஒரு கையிலும் கெண்டைக்காலை மறு கையிலும் பிடித்து, கீழ்க்காலை முன்னால் இழுத்து, எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்ததா என்று பார்த்துவிடுவேன். எலும்பு எங்கே போய் நிற்கிறது, நிற்கும்போது சட்டென்று நிற்கிறதா, மெத்தென்று வழுக்கிப் போகிறதா என்பது அந்த நேரத்தில் கைக்குத் தெரியும். அரை மணி தாமதித்தால் முழங்கால் வீங்கும், தொடைத் தசை இறுகிக்கொள்ளும், கைக்குச் சரியாகப் பிடிபடாது. கிளினிக்கில் இருக்கும் பிசியோ அந்த முழங்காலை முதன்முதலில் பார்ப்பது வாரங்கள் கழித்து. மறுபுறம், அறுவைக்குப் பிறகு அடிபட்ட காலின் தொடை வலு மற்றக் காலின் 90 சதவீதத்தையாவது எட்டியதா, ஒற்றைக்காலில் குதிக்கும்போது முழங்கால் உள்ளே மடிகிறதா என்று ஒன்பது மாதம் விடாமல் பார்த்து, "இன்று களம் இறங்கலாம்" என்று சொல்வது பிசியோ படிப்பு எனக்குக் கொடுத்த பலம். இரண்டு முனையிலும் அதே ஆள் இருந்தால் நடுவில் எதுவும் தொலையாது.

டி.பி.டி. அங்கீகார விதியில் குறைந்தது 30 வாரம் முழுநேர மருத்துவப் பயிற்சி உண்டு. மருத்துவமனை, புறநோயாளர் பிரிவு, பக்கவாத நோயாளிகள் என்று போகும். அதில் மைதானம் கட்டாயமில்லை. ஒரு தடவைகூடக் களத்தோரம் நிற்காமல் டாக்டர் பட்டம் வாங்கிவிடலாம்.

2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் மார்பில் அடிபட்டு இதயம் நின்று விழுந்தபோது, களத்திலேயே நெஞ்சை அழுத்தி உயிர்கொடுத்தவர் பஃபலோ பில்ஸ் அணியின் துணை அத்லெடிக் ட்ரெய்னர் டென்னி கெல்லிங்டன். அந்தத் திறனுக்கு 60,250 என்று மட்டும் விலை எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

கோவை பிசியோ:
அக்கா, நீங்கள் சொன்ன உதாரணம் எங்கள் கட்சிக்குத்தான் சாட்சி. கெல்லிங்டன் காப்பாற்றியது அத்லெடிக் ட்ரெய்னராக. அதற்கு டி.பி.டி. எங்கே தேவைப்பட்டது? ஒரு வேலையை நன்றாகக் கற்றவர் அந்த வேலையைச் செய்தார்.

நான் கோவையில் பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளநிலை முடித்து, சான்றிதழ் மதிப்பீடு, தேர்வு எல்லாம் தாண்டி மிச்சிகனில் உரிமம் வாங்கியவன். விளையாட்டில் ஆசை உள்ள பிசியோவுக்கு வேறு கதவு இருக்கிறது. டி.பி.டி. முடித்தபின் ஓர் ஆண்டு விளையாட்டு ரெசிடென்சி என்ற மேற்பயிற்சி, பிறகு எஸ்.சி.எஸ். என்ற சிறப்புத் தகுதித் தேர்வு. அதற்கு அவசர முதலுதவிச் சான்றும் வேண்டும், களத்தோர அனுபவமும் கிடைக்கும். முக்கியமான வேறுபாடு: ரெசிடென்சியில் குறைவாகவாவது சம்பளம் தருவார்கள். இரட்டைப் பட்டத்தின் கூடுதல் ஆண்டுக்கு நீங்கள் தர வேண்டும்.

கிளினிக் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் சிகிச்சையை நகர்த்துவது காப்பீடு. மெடிகேர் என்ற, முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் ஓர் உடற்பயிற்சிக் கட்டண அலகுக்குப் பணம் கேட்க வேண்டுமானால் குறைந்தது 8 நிமிடம் நேரடியாகச் செய்திருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் மூட்டு மாற்றிய பாட்டியின் முழங்காலை மடக்குகிறோம். அந்த மெடிகேர், 2005-லிருந்து, மருத்துவர் அலுவலகத்தில் அத்லெடிக் ட்ரெய்னர் செய்யும் தெரபிக்குப் பணம் தருவதில்லை. ஆகவே இரட்டை உரிமக்காரர் கிளினிக்கில் நுழைந்த நாளே அவருடைய ஓர் உரிமம் மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

இன்னொன்று. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளினிக், பக்கத்துப் பள்ளிகளோடு ஒப்பந்தம் வைத்திருந்தது. இரட்டை உரிமம் உள்ள பெண் ஒருவரைச் சேர்த்தார்கள். காலை ஏழு முதல் மதியம் வரை நோயாளிகள், இரண்டு மணிக்குப் பள்ளி, இரவு ஆட்டம் முடியும்வரை களம். சம்பளம் ஒன்றுதான். அவர் கேட்டதற்கு, "இரண்டும் உங்களுக்குப் பிடித்த வேலைதானே" என்று சிரித்தார்களாம்.

ஐஸ் தொட்டி:
இரு தரப்பும் பேசுவதைப் படித்து எரிச்சலாக இருக்கிறது. டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி அத்லெடிக் ட்ரெய்னர் நான். எங்கள் தொழில் என்ன, பிசியோ மாடிக்கு ஏறும் படிக்கட்டா?

வரலாறு தெரியாமல் பேச வேண்டாம். முன்பெல்லாம் இளநிலையிலேயே அத்லெடிக் ட்ரெய்னிங் படிக்கலாம். நான்கு ஆண்டு, தேர்வு, உரிமம். பிசியோ ஆக விரும்பிய பிள்ளைகள் பலர் அதைத்தான் படித்துவிட்டு மேலே போனார்கள். ஓரக்கோடு அக்காவும் அந்த வழியாக வந்தவராகத்தான் இருக்க வேண்டும். 2015-ல் தொழில்முறைப் பட்டத்தை முதுநிலைக்கு உயர்த்துவதென்று துறையின் அமைப்புகள் முடிவெடுத்தன. 2022 இலையுதிர் பருவத்துக்குப் பிறகு இளநிலைப் படிப்புகளில் புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது என்றாகிவிட்டது. அதனால்தான் முன்பு இலவச இணைப்பாகக் கிடைத்தது இப்போது கூடுதல் ஆண்டாகவும் கூடுதல் கட்டணமாகவும் நிற்கிறது. இன்றைய கேள்விக்குப் பழைய அனுபவத்தை வைத்துப் பதில் சொல்லாதீர்கள்.

வேலை என்ன என்று கேட்டால், ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்து பாருங்கள். அமெரிக்கக் கால்பந்துக்காகத் தலைக்கவசமும் தோள் கவசமும் மாட்டிய 130 கிலோ பையன் ஒருவன் திடீரென்று பயிற்சியாளர் பெயரை மாற்றிச் சொல்கிறான், கோபப்படுகிறான், கால் பின்னுகிறது. நெற்றியில் வைக்கும் தெர்மாமீட்டரும் வாயில் வைப்பதும் அங்கே பொய் சொல்லும். மலக்குடலில்தான் அளக்க வேண்டும். கூச்சத்துக்கு நேரமில்லை. 105 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் அது வெப்பத்தாக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கக் கூடாது. கவசத்தைக் கழற்றி, கழுத்துவரை ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, அக்குளுக்கடியில் துண்டைக் கொடுத்து ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் தண்ணீரை விடாமல் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் உடம்பைச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீர் படலமாக நின்றுவிடும். 102-க்கு இறங்கியபிறகுதான் வெளியே எடுப்பது, அதன்பிறகுதான் மருத்துவமனை.

2018-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயதுப் பையன் பயிற்சியில் வெப்பத்தாக்கு வந்து இரண்டு வாரத்தில் இறந்தான். உடல் வெப்பத்தை அளக்கவில்லை, குளிர்நீரில் இறக்கவில்லை என்று பல்கலைக்கழகமே பிறகு ஒப்புக்கொண்டது. அங்கே ஆள் இல்லாமல் இல்லை. ஆகவே "பட்டம் இரண்டா ஒன்றா" என்பதைவிட, அந்தத் தொட்டி வெயிலுக்கு முன்பே நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கும் ஆள்தான் எங்களுக்கு வேண்டும்.

டல்லாஸ் அண்ணா, அவளுக்கு மைதானம் பிடித்திருந்தால் இரண்டு ஆண்டு முதுநிலை போதும். 1971-லேயே நாட்டில் முதன்முதலாக எங்களுக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் உங்களுடையது. கலிஃபோர்னியாவில் இன்றுவரை அதுகூட இல்லை.

ஓரக்கோடு:
ஆம், நான் பழைய வழியில் வந்தவள். ஒளிக்கவில்லை. ஆனால் தங்கையே, நீங்களும் ஒன்றை ஒளிக்கக் கூடாது. உங்கள் வயதில் சக ஊழியர்கள் எத்தனை பேர் இன்னும் களத்தில் இருக்கிறார்கள்? குழந்தை பிறந்தபிறகு சனிக்கிழமை ஆட்டமும் மாலைப் பயிற்சியும் முடியாமல் தொழிலையே விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்து விற்கப் போனார்கள், வீடு விற்கப் போனார்கள். டி.பி.டி. கையில் இருந்தால் அந்த வயதில் பகல்நேர வேலைக்கு மாறிக்கொள்ளலாம், கற்றதை வீசிவிட்டுப் போக வேண்டியதில்லை. கோவைத் தம்பி சொன்ன இழுப்பறை இரு பக்கமும் திறக்கும்.

எஸ்.சி.எஸ். நல்ல தகுதிதான். ஆனால் ரெசிடென்சி இடங்கள் குறைவு, போட்டி அதிகம். தவிர, அத்லெடிக் ட்ரெய்னர் வேண்டும் என்று ஒரு பள்ளி விளம்பரம் கொடுத்தால், எஸ்.சி.எஸ். வைத்திருக்கும் பிசியோ அந்த உரிமம் இல்லாமல் அந்தப் பதவிப் பெயரில் உட்கார முடியாது.

கணக்கர்:
ஆக, நாற்பது வயதில் தொழில் மாறுவதற்கு இருபது வயதிலேயே காப்பீட்டுத் தவணை கட்டச் சொல்கிறீர்கள். அதற்கு டி.பி.டி. மட்டும் படித்தாலே போதுமே. அங்கே சேரும் கூடுதல் பட்டம் எது? மலிவான பட்டம்தான்.

ஓரக்கோடு:
மலிவு என்று சம்பளத்தைச் சொல்கிறீர்களா, வேலையைச் சொல்கிறீர்களா? சம்பளம் என்றால் பள்ளி நிர்வாகங்களோடு சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.

சென்னை வாசகன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இங்கே பி.பி.டி. இறுதியாண்டு. நான் அமெரிக்கா வந்தால் இந்த இரட்டைப் படிப்பு உதவுமா?

கோவை பிசியோ:
தம்பி, உங்கள் நிலை வேறு. குடியேற்ற விதிகளில் செவிலியரும் பிசியோவும் இடம்பெறும் ஒரு தனிச் சலுகைப் பட்டியல் இருக்கிறது. பச்சை அட்டைக்கு முன் உள்ளூரில் ஆள் தேடிப் பார்த்தோம் என்று முதலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. அத்லெடிக் ட்ரெய்னர் அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊர் பி.பி.டி.யை வைத்து அவர்களுடைய சான்றிதழ்த் தேர்வை எழுதவும் முடியாது, அங்கீகாரம் பெற்ற முதுநிலையை இங்கே படித்தாக வேண்டும். உங்களுக்கு பிசியோ உரிமம் முதலில். மற்றது பிறகு.

டல்லாஸ் தகப்பன்:
அனைவருக்கும் நன்றி. மகளிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். ஐஸ் தொட்டி எழுதியதை மட்டும் இரண்டாம் முறை படித்தாள். கணக்கர் எழுதியதைப் பார்த்து, "இவர் உன் நண்பரா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் கல்லூரிக்குப் போகிறோம். என்ன கேட்க வேண்டும்?

கோவை பிசியோ:
நடுவில் நிறுத்தினால் கையில் என்ன இருக்கும் என்று முதலில் கேளுங்கள். ட்ரெய்னிங் முதுநிலை எந்த ஆண்டில் கைக்கு வருகிறது, சான்றிதழ்த் தேர்வை எப்போது எழுதலாம், அல்லது இரண்டு பட்டமும் கடைசி நாளில்தானா? இரண்டு படிப்புக்கும் அங்கீகாரம் தருபவை தனித்தனி அமைப்புகள். ஒன்றுக்கு இருந்து மற்றதற்குத் தகுதிகாண் நிலையில் இருந்தால் எழுதி வாங்குங்கள். ட்ரெய்னிங் பக்கத்தில் குறைந்தது நான்கு வாரம் தொடர்ந்து முழுநேரமாக ஒரு ட்ரெய்னரின் அன்றாட வேலையில் இருந்தாக வேண்டும். அது டி.பி.டி.யின் 30 வாரத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஓரக்கோடு:
இதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. கூடவே, இதே இரட்டைப் படிப்பை முடித்தவர்கள் இப்போது இரண்டு உரிமத்தையும் புதுப்பித்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ட்ரெய்னிங் சான்றிதழுக்கு மட்டும் இரண்டாண்டுக்கு 50 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், பிசியோவுக்கு மாநிலம் கேட்பது தனி. சோம்பேறிகளின் ஓர் உரிமம் காலாவதியாகிவிடும்.

கணக்கர்:
அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஐஸ் தொட்டி:
கல்லூரியைப் பார்ப்பது இருக்கட்டும். உங்கள் மகளுக்கு விருப்பமானால் ஆகஸ்டில் கோடைப் பயிற்சி தொடங்கும் வாரம், கல்லூரி திறக்கும் முன், அவளுடைய பள்ளி ட்ரெய்னரோடு காலை ஆறிலிருந்து இரவுவரை நிற்கச் சொல்லுங்கள். பிறகு பட்டத்தைப் பற்றிப் பேசலாம்.

கணக்கர்:
அதற்குச் சம்பளம் உண்டா?

ஐஸ் தொட்டி:
கிடையாது. மதியம் பீட்சா உண்டு.